நஞ்சு மரமும் அரைக் குளிசையும்

மழை விட்ட மறுநாள் கால்வாய் கொழும்பின் குப்பை முழுவதையும் கடலுக்குள் தள்ளிவிடும். கடல் தனக்கும் வேண்டாமென்று அதைக் கரையில் திருப்பி எறியும். வெள்ளவத்தையில் தண்டவாளத்தைக் கடந்து இறங்கினால் பிளாஸ்டிக் போத்தல், ஒற்றைச் செருப்பு, ஆகாயத்தாமரை, யாரோ கண்ணூறு போகக் கழிப்புக் கழித்த எலுமிச்சம்பழம் என்று எல்லாம் கிடக்கும். உடம்புக்கு நல்லது, நடக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு நான் பார்க்கப் போவது இதைத்தான். அப்படி ஒரு காலையில்தான் அந்தக் கொட்டையை எடுத்தேன்.

உள்ளங்கை அளவு இருந்தது. சுற்றிலும் தும்பு. முதலில் தென்னங் குரும்பட்டி என்று நினைத்தேன். ஆனால் குரும்பட்டிக்கு இவ்வளவு முற்றிய தும்பு இருக்காது. பாரமும் இல்லை. நடுவில் ஒரு வெடிப்பு, வெடிப்புக்குள் ஒரு பச்சை முளை. எத்தனை நாள் உப்புத் தண்ணீரில் ஊறியதோ தெரியாது, அதற்குள்ளும் முளைத்திருக்கிறதே என்று எனக்கு அதன்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. கைக்குட்டையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

“குப்பை பொறுக்காதையும் எண்டு எத்தினை தரம் சொல்றது?” என்றார் என் கணவர், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே.

“இது குப்பை இல்லை, விதை.”

“என்ன விதை?”

“அதைத்தான் பாக்கப்போறன்.”

நான் கொட்டாஞ்சேனையில் ஒரு பார்மசியில் மருந்தாளராக வேலை செய்கிறேன். பெயர் ஒட்டாத போத்தலைத் தட்டில் வைக்க எனக்குக் கை வராது. யாராவது கையெழுத்து விளங்காத துண்டைக் கொண்டுவந்தால் அந்த டாக்டருக்குப் போன் எடுத்துக் கேட்டுவிட்டுத்தான் மருந்து கொடுப்பேன். இந்தக் குணம் உள்ளவளுக்கு வீட்டில் பெயர் தெரியாத ஒரு செடி இருந்தால் எப்படி நித்திரை வரும்? வளர்த்தாவது அது என்ன என்று கண்டுபிடிப்பது என்று முடிவு செய்தேன்.

எங்கள் ஃபிளாட்டில் கீழே வாகனம் நிறுத்துகிற இடத்தின் மதிலோரம் எல்லா வீட்டுக்காரரும் பூச்சாடி வைத்திருக்கிறோம். அங்கேதான் நட்டேன். நல்ல மண், எரு, தண்ணீர் வடிய அடியில் ஓட்டை, எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். செடிக்கு அந்த ஒழுங்கு பிடிக்கவில்லை. இரண்டு இலை விட்டது, பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றது. ஒரு நாள் வேலைக்குப் போகும்போது பஸ் கால்வாய்ப் பாலத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டது. யன்னலால் பார்த்தால், கரையில் ஒரு மரம். அதே கரும்பச்சை இலை, அதே மாதிரி கொப்பு நுனியில் கொத்தாக. அதன் அடி முழுவதும் சேற்றுக்குள். எனக்குச் சிரிப்பு வந்தது. சேற்றில் பிறந்த பிள்ளையை நான் சப்பாத்துப் போட்டு நிறுத்தி வைத்திருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் காவலாளியைக் கெஞ்சி இரண்டு வாளி கால்வாய்ச் சேறு எடுப்பித்தேன். ஓட்டையே இல்லாத பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் சேற்றை நிரப்பிச் செடியை மாற்றினேன். நாற்றம் நாலு வீட்டுக்கு அடித்தது. செடியோ, பசித்திருந்தவன் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்த மாதிரி, அதற்குப் பிறகு நிற்கவேயில்லை. மாதத்துக்கு மாதம் உயர்ந்தது. இலை ஒன்றைக் கிள்ளினால் பால் வந்தது, பிசுபிசுவென்று வெள்ளைப் பால். பால் உள்ள செடி என்றவுடன் நான் கையைக் கழுவிக்கொண்டேன். மருந்துக் கடை பழக்கம்.

போனில் படம் எடுத்துச் செடியின் பெயர் சொல்லும் செயலியிடம் கேட்டேன். முதல் நாள் மாமரம் என்றது. அடுத்த நாள் கோயில் வாசலில் நிற்கிற ஈழத்தலரி, சிங்களவரின் அரலியா, என்றது. மூன்றாவது தரம், மன்னிக்கவும், வெளிச்சம் போதாது என்றது. வீட்டுப்பாடம் செய்யாமல் வந்த பிள்ளை மாதிரி ஒவ்வொரு நாளும் புதுக் கதை.

பெயர் சொன்னது டெங்கு பரிசோதகர்தான். மழைக்காலத்தில் வீடு வீடாக வந்து தண்ணீர் தேங்கிய சட்டி பானை எல்லாவற்றையும் தட்டிப் பார்க்கிறவர். என் தொட்டியைக் கண்டதும் அவர் கண் விரிந்தது. ஓட்டையில்லாத தொட்டி, உள்ளே சதுப்பு நிலம். கையிலிருந்த குச்சியால் சேற்றைக் குத்தினார். தண்ணீர் மேலே நிற்கவில்லை, நான் அதற்காகவே ஒரு படை மணல் போட்டிருந்தேன் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளங்கப்படுத்தினேன். அவர் குச்சியை விட்டுவிட்டு இலையைப் பார்த்தார்.

“மே கொன்கதுரு நேத, மிஸ்?” என்றார், இது கொன்கதுரு மரம்தானே என்று. பிறகு ஒரு அடி பின்னால் போய், “வஹ!” என்றார். நஞ்சு என்று அர்த்தம். நுளம்பை மறந்துவிட்டு, ஏன் இதை வளர்க்கிறீர்கள் என்று என்னைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு போனார்.

பெயர் கிடைத்தால் எனக்குப் போதும். அன்றைக்கே தேடி வாசித்தேன். தமிழில் காட்டரளி என்றும் உதளம் என்றும் எழுதியிருந்தார்கள். நான் அறிந்த எந்தத் தமிழரும் இரண்டையும் சொல்லிக் கேட்டதில்லை. சதுப்பிலும் கழிமுகத்திலும் வளரும் மரம். காய் பார்க்க மாங்காய் மாதிரி. தோல் அழுகிப் போனாலும் தும்பு மிதக்கும், அதனால் விதை கடல் கடந்தும் போய் முளைக்கும். விதைக்குள் இருக்கும் பருப்பு இருதயத்தை நிறுத்திவிடும். கடைசி வரியை நான் இரண்டு தரம் வாசித்தேன், பயத்தில் அல்ல. அது எப்படி நிறுத்துகிறது என்று எழுதியிருந்ததைப் பார்த்தால், நான் கடையில் அன்றாடம் எடுத்துக் கொடுக்கிற ஒரு குளிசை வேலை செய்கிற அதே வழி.

அந்தக் குளிசை என் வீட்டிலும் இருந்தது. என் கணவருக்கு இருதயம் ஒழுங்கில்லாமல் துடிக்கும் வருத்தம். சில வருடங்களுக்கு முன் படியேறும்போது மூச்சு வாங்கி உட்கார்ந்தவர், அதன் பிறகு நாளுக்கு அரைக் குளிசை டிஜொக்சின். குறைந்தால் இருதயம் கண்டபடி ஓடும், கூடினால் அதுவே நஞ்சு. அவ்வளவு ஒடுக்கமான பாதை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் குளிசைகளைப் பாதியாக வெட்டிக் கிழமைப் பெட்டியில் போட்டு வைப்பேன். அடுத்த ஞாயிறு பெட்டி வெறுமையாக இருக்கும். நானும் நிம்மதியாக இருப்பேன்.

அன்று பின்னேரம் தேத்தண்ணீரோடு அவருக்கு முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன்.

“இஞ்சேருங்கோ, கீழ நிக்கிற மரத்தில இருக்கிறதும் உங்கட குளிசையில இருக்கிறதும் கிட்டத்தட்ட ஒண்டு. ஒரே குடும்பம்!”

அவர் தேத்தண்ணீரைக் கீழே வைத்தார். “அப்ப நான் நாளுக்கு நாள் குடிக்கிறது நஞ்சோ?”

“ஒரு வகையில ஓம்!” என்றேன், கெட்டிக்கார மாணவன் நல்ல கேள்வி கேட்டதுபோல. பிறகு உடம்பின் உப்புக்கணக்கு, இருதயத் தசை, அளவு என்று இருட்டும்வரை விளங்கப்படுத்தினேன். அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். இவ்வளவு நல்ல கேட்பவரைக் கட்டியிருக்கிறேனே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அதன் பிறகு என் விசாரணை தீவிரமாகியது. கால்வாய்க்கரை மரத்தடியில் விழுந்து கிடந்த காய் ஒன்றைப் பையில் சுற்றிக் கொண்டுவந்து, கையுறை போட்டு, பழைய கத்தியால் பிளந்தேன். உள்ளே பருப்பு வெள்ளை வெளேரென்று இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊதாவாக மாறியது, பிறகு கறுத்தது. வெட்டிய வாழைக்காய் கறுப்பதைப் பார்த்திருக்கிறேன், இந்த ஊதா நிறத்தைப் பார்த்ததில்லை. அரை மணித்தியாலம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கத்தியையும் காயையும் இறுகக் கட்டி எறிந்துவிட்டு முழங்கை வரை சவுக்காரம் போட்டுக் கழுவினேன். என் கணவர் சமையலறை வாசலில் நின்று பார்த்தார், உள்ளே வரவில்லை.

கவனமில்லாதவள் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது. ஃபிளாட்டின் வாட்ஸ்அப் குழுவில் மூன்று மொழியிலும் எழுதிப் போட்டேன்: மதிலோரம் பெரிய தொட்டியில் நிற்பது நஞ்சு மரம், பிள்ளைகள் தொட வேண்டாம். அதற்கு ஆறேழு கட்டைவிரல் வந்தது. ஒருவர் முருகன் படத்தோடு காலை வணக்கம் போட்டார். தனியாகவும் சொன்னேன், முக்கியமாக மேல்மாடி அக்காவிடம்.

மேல்மாடி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். விடிகிற நேரம் குளித்து, திருநீறு பூசி, ஒரு பிளாஸ்டிக் கூடையோடு இறங்கி வருவார். மதிலோரத்துச் சாடிகளில் யார் வைத்தது எவர் வைத்தது என்ற பேதமே இல்லாமல் பூ ஆய்வார். என் செவ்வரத்தையில் ஒரு பூவாவது வெயில் ஏறும்வரை மரத்தில் நின்றதை நான் கண்டதில்லை. ஒரு தடவை பொறுக்க முடியாமல் கேட்டேன். “சாமிக்குத்தானே, தங்கச்சி” என்றார், கேள்வியே விளங்காதவர்போல. அதற்கு மேல் ஒரு சைவக்காரி என்ன சொல்ல முடியும்? நான் சாமி கும்பிடுவதில் அரைகுறை. என் கணவர் முழு. பிரதோஷத்துக்குப் பிரதோஷம் மேலே அக்கா வீட்டுப் பூசைக்குப் போய்த் தேவாரம் பாடிவிட்டு, அக்காவின் கையால் அபிஷேகப் பால் வாங்கிக் குடித்துவிட்டு வருவார்.

அடுத்த வருட மழைக்கு என் மரம் பூத்தது. வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள் கண், மல்லிகையை நினைவுபடுத்தும் மெல்லிய வாசம். நஞ்சுக்கு இந்த வாசம் எதற்கு, யாரை அழைக்கிறது என்று மாலைதோறும் கீழே போய் நிற்பேன். அந்துப்பூச்சியாக இருக்கும் என்பது என் ஊகம், இன்னும் பிடிபடவில்லை.

அன்று பிரதோஷம் என்பது எனக்கு நினைவே இல்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து வீடு வந்து, வழமைபோல் படியேறுமுன் மரத்தைப் பார்க்கப் போனேன். பூக்கொத்து முழுவதையும் காணவில்லை. காம்புகளில் பால் வடிந்து காய்ந்திருந்தது. காவலாளி கதிரையிலிருந்து எழும்பி, “மேல் வீட்டு அம்மாதாங்க காலையில ஆஞ்சாங்க. நான் சொன்னேன், கேக்கல” என்றார்.

லிஃப்டுக்கு நிற்கவில்லை. நான் மேலே போய்ச் சேர்ந்தபோது பூசை முடிந்திருந்தது. சின்னச் சிவலிங்கத்தின் மேல் என் பூக்கள். கீழே தட்டில் பால், அதிலும் என் பூக்கள் மிதந்தன. என் கணவர் வெறும் வெள்ளித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“குடிச்சிட்டீங்களோ?”

“ஓம். ஏன்?” பிறகு என் முகத்தைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். தம்ளரை மெதுவாக நிலத்தில் வைத்தார்.

அவருக்கு ஏற்கெனவே ஒரு அளவு உள்ளே இருக்கிறது. அதற்கு மேல் இது. என் கடைக்கு வருகிறவர்களுக்கு நான் அமைதியாகச் சொல்கிற அத்தனையும் அந்த நிமிடம் என் தலையில் கூச்சலாக ஓடியது. அக்காவும் குடித்திருந்தார். இரண்டு பேரையும் த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு களுபோவில ஆஸ்பத்திரிக்கு விரட்டினேன். அவரை இழந்துவிடுவேனோ என்று பயந்தேன். என் கை அவருடைய மணிக்கட்டை விடவில்லை. நாடி தாறுமாறாக ஓடியது, ஆனால் அது எப்போதுமே தாறுமாறுதானே, எதை வைத்து எதைக் கண்டுபிடிப்பது?

“நஞ்சு எண்டு சொன்னனான் தானே, அக்கா! சொன்னனான் தானே!”

“நீர் சொன்னபடியால்தானே பிள்ளை வைச்சனான்” என்றார் அக்கா. “எருக்கலை, ஊமத்தை, அலரி, எல்லாம் நஞ்சுதானே? எல்லாம் சிவனுக்குத்தானே வைக்கிறம்? ஆலகாலத்தையே குடிச்சவருக்கு இது விசேஷம் எண்டு நினைச்சன்.”

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. நான் மூன்று மொழியிலும் எழுதியது எச்சரிக்கை. அக்கா வாசித்தது அழைப்பிதழ்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் டாக்டர். போனிலிருந்த படத்தைக் காட்டினேன். பார்த்ததும் வேகமாக வேலை தொடங்கிவிட்டது. நெஞ்சில் வயர் ஒட்டினார்கள், இரத்தம் எடுத்தார்கள். வாந்தி வந்ததா, கண்ணில் மஞ்சளாகத் தெரிகிறதா என்று கேட்டார்கள். இல்லை, இல்லை. டாக்டர் மருந்து விபரம் கேட்டபோது நான்தான் பதில் சொன்னேன்: டிஜொக்சின், அரைக் குளிசை, நாள்தோறும், தவறாமல். அவர் எழுதிக்கொண்டே என் கணவரிடம் திரும்பி, கடைசியாக எப்போது எடுத்தீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மேலே சுழன்ற மின்விசிறியைப் பார்த்தார்.

“எடுக்கிறதில்லை, டாக்டர்.”

“இண்டைக்கோ?” என்று கேட்டேன் நான்.

“கன நாளா” என்றார்.

டாக்டருக்கு முதலில் ஒரு நிம்மதி வந்ததை நான் கண்டேன். பழைய மருந்து உடம்பில் இல்லை, பாலில் ஊறிய பூவிலிருந்து வந்திருக்கக்கூடியதும் கொஞ்சம்; கவனித்துப் பார்ப்போம் என்றார். பிறகு கோபம் வந்தது. இந்தக் குளிசையை இப்படி நிறுத்தினால் பூ தேவையில்லை, உங்கள் இருதயமே உங்களைக் கவனித்துவிடும் என்று ஏசினார். என் கணவர் பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கேட்டுக்கொண்டு கிடந்தார். அக்கா அடுத்த கட்டிலில் சிவபுராணத்தைத் தொடக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார். நான் திரையில் ஓடிய கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்திலும், இந்த மேடு பள்ளத்தில் மரத்தின் வேலை எது, வருத்தத்தின் வேலை எது என்று என் புத்தி தேடியது. அதை நினைத்து எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது. மறுநாள் மத்தியானம் இரண்டு பேரையும் வீட்டுக்கு விட்டார்கள்.

மரம் இப்போது எங்கள் சமையலறைக்குப் பின்னால் உள்ள பல்கனியில் நிற்கிறது. எங்கள் வீட்டுக்குள்ளால் வராமல் யாரும் அதைத் தொட முடியாது. பூ அரும்பினால் நானே கையுறையோடு கிள்ளிவிடுகிறேன். ஆனால் அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் நான் வெட்டத்தான் போனேன். அவரைக் கட்டிலில் இருத்திவிட்டு, தேங்காய் உடைக்கிற கத்தியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். அவர் செருப்புக்கூடப் போடாமல் பின்னால் வந்து தொட்டிக்கு முன்னால் நின்றார்.

“ஏன் வெட்டுறீர்?”

“ஏனோ? நீங்கள் இதுக்குப் பயந்துதானே குளிசையை விட்டனீங்கள்?”

“ஓம். நீர் ரெண்டும் ஒண்டு எண்டு சொன்ன நாளில இருந்து தொண்டைக்குள்ள இறங்கேல்லை. சிங்க்கில போட்டுத் தண்ணி விட்டனான்.”

“பயம் எண்டு என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம் தானே! மரத்தை அண்டைக்கே எறிஞ்சிருப்பன். நான் உங்களுக்கு ஆர்? கடையில வாறவனுக்கெல்லாம் மருந்தை நிப்பாட்டாதேங்கோ எண்டு சொல்லிச் சொல்லி வாய் நோகுது எனக்கு.” நான் அழுதுகொண்டே ஏசினேன். காவலாளி கதிரையைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டார்.

அவர் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

“பிள்ளையள் வெளிநாடு போன பிறகு நீர் வேலைக்குப் போவீர், வருவீர், சமைப்பீர், படுப்பீர். ஒரு கதை இல்லை. இது வந்த பிறகுதான் நீர் என்னோட இருட்டுமட்டும் இருந்து கதைச்சனீர். பயம் எண்டால் எறிஞ்சுபோடுவீர் எண்டு எனக்குத் தெரியும். அதுதான் சொல்லேல்லை.”

இவ்வளவு நாளும் நான் அந்த மரத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்தேன். அவரைக் கையில் பிடித்துப் படியேற்றிக் கொண்டுபோய், குளிசையைப் பாதியாக வெட்டி அவருடைய உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒருக்கா அளவைப் பற்றிச் சொல்லுமன்” என்றார். “அண்டைக்குச் சொன்னது எனக்கு வடிவா விளங்கேல்லை.”

நான் பக்கத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னேன், இந்த முறை அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு. முடிந்ததும் அவர் குளிசையை விழுங்கி, வாயைத் திறந்து காட்டினார்.